அன்னி ஃபிஷரின் நாடாக்கள்

பியானோ என்று பேச்செடுத்தாலே கிளென் கூல்டைக் கொண்டுவந்து நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. 1964இல் மேடையைத் துறந்தவர். கச்சேரி அரங்கின் ஆயுள் முடிகிறது என்றார். பதிவுக்கூடத்தில் நாடாவை வெட்டி ஒட்டுவதில்தான் கலைஞனுக்கு விடுதலை என்றும் வாதிட்டார். கவர்ச்சியான வாதம்தான், எனக்குத்தான் உடன்பாடில்லை. காரணம் ஒரு ஹங்கேரியப் பெண்மணி.

முன்கதை தெரிந்ததுதான். 1840இல் லண்டனில் லிஸ்ட் தனியாள் கச்சேரிக்கு 'ரிசைட்டல்' என்ற பேரை நிலைநாட்டினார். ஏட்டைப் பார்க்காமல் வாசிப்பதைக் கிளாரா ஷூமன் வழக்கமாக்கினார். அன்டன் ரூபின்ஸ்டைன் ஏழு கச்சேரிகளில் பியானோவின் வரலாற்றையே வாசித்துக் காட்டினார். இவர்கள் தவறித் தட்டிய சுரங்களெல்லாம் அன்றைக்கே காற்றோடு போய்விட்டன.

இசைத்தட்டு வந்த பிறகு தவறும் சாகாவரம் பெற்றது. ஆர்தர் ஷ்னாபல் 1932இல் தொடங்கி 1935க்குள் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் லண்டனில் பதிந்தார். தட்டின் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம். நடுவில் இடறினால் ஒட்டுப்போட வழியில்லை. அவற்றில் 'ஹாமர்கிளாவியர்' சொனாட்டாவின் முதல் பகுதியைப் பீத்தோவன் குறித்த அசுர வேகத்திலேயே பிடிக்கப் பார்க்கிறார், விரல் பின்னிக்கொள்கிறது. ஆனாலும் அந்தப் பதிவைத் தூக்கிப்போட இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை.

போருக்குப் பின் காந்தநாடா வந்தது, கூடவே கத்தியும் வந்தது. 12 ஆண்டு ஒதுங்கியிருந்த ஹோரோவிட்ஸ் 1965 மே மாதம் கார்னெகி அரங்குக்குத் திரும்பினார். எடுத்த எடுப்பிலேயே தவறான சுரம். வெளிவந்த இசைத்தட்டிலோ சில இடங்கள் துடைத்துச் சரிசெய்யப்பட்டிருந்தன. அசல் வெளிவர 2003 ஆயிற்று. அந்த நடுக்கம்தானே அன்றைய கச்சேரி! அதைத் துடைத்தெடுத்து யாருக்கு என்ன லாபம்? ரிக்டர் 1958இல் சோபியாவில் வாசித்த முசோர்க்ஸ்கியைப் பாருங்கள். அரங்கமே இருமிக்கொண்டிருக்கிறது, பிசிறுகளும் உண்டு. இருந்தும் அதற்கு இணையாக எந்தப் பதிவுக்கூடத் தட்டையும் என்னால் சொல்ல முடியவில்லை.

நான் சொன்ன ஹங்கேரியப் பெண்மணி அன்னி ஃபிஷர், 1914இல் புதாபெஸ்டில் பிறந்த பியானோ கலைஞர். டோனானியிடம் பயின்றார், 1933இல் அங்கே நடந்த லிஸ்ட் போட்டியில் முதலிடம். யூதர் என்பதால் 1940இல் ஸ்வீடனுக்குத் தப்பியோட வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் ஊர் திரும்பினார். கணவர் அலடார் டோத் விமர்சகர், புதாபெஸ்ட் ஓப்பராவின் இயக்குநராகி இசை நடத்துநர் கிளெம்பரரை அங்கே வரவழைத்தவர். ஹங்கேரி கோஷுத் விருதை அன்னிக்கு மூன்று முறை கொடுத்தது. ரிக்டர் அவரைக் கொண்டாடினார். இத்தனைக்கும் மேற்கே அவர் பெயர் தெரிந்தவர்கள் சொற்பம். தெரியாமல் போனதற்கு அவரும் ஒரு காரணம்: பதிவுக்கூடமென்றால் ஆகாது. எதிரே ஆள் இல்லாமல் வாசிப்பு உறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர்தான் எழுபதுகளின் பிற்பகுதியில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிய உட்கார்ந்தார். வாசித்தார், கேட்டார், பிடிக்கவில்லை. மறுபடி வாசித்தார், துண்டுகளைச் சேர்த்தார், பிரித்தார். பல ஆண்டுகள் இப்படியே ஓடின. வெளியிடச் சம்மதிக்கவே இல்லை. 1995இல் அவர் இறந்த பிறகுதான் ஹங்கரோட்டான் நிறுவனம் அவற்றை வெளியிட்டது.

கூல்ட் பக்தர்கள் இங்கே என்னை மடக்கலாம்: இவரும் வெட்டி ஒட்டியவர்தானே? ஒட்டியவர்தான். கூல்டுக்கு அந்த ஒட்டில் வேலை முடிந்தது, இவருக்கு முடியவில்லை. கடைசிச் சொனாட்டாவான ஓபஸ் 111இன் தொடக்கத்தை அன்னியின் பதிவில் கேளுங்கள். இடக்கை பாய்ந்து இறங்குகிறது. அடி பிசகிவிடுமோ என்று கேட்பவருக்குப் பதறும். எத்தனை முறை எடுத்ததோ தெரியாது, அந்தப் பதற்றம் மட்டும் ஒட்டில் காணாமல் போகவில்லை. கூல்டின் ஓபஸ் 111இல் அது கிடையாது. அவர் அந்தச் சொனாட்டாவை அவசரமாக முடித்துவிட்டு எழுந்துபோகிறார்.

வானொலி நிலையங்கள் பதிந்துவைத்திருந்த அன்னியின் கச்சேரிகளும் பின்னாளில் வெளிவந்தன. 32ஐயும் கேட்டு முடித்தவர்கள் அடுத்து அங்கே போகலாம். அங்கே தவறான சுரங்கள் கூடுதல். அவற்றை யாரும் எடுக்கவில்லை.