செக்ரோலில் தேட வேண்டிய பள்ளிக்கூடம்

கெடாவின் செமிலிங், பீடோங், மெர்போக் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றை எழுத உட்காருகிறவர் முதலில் கல்வி இலாகா அறிக்கைகளைத்தான் புரட்டுவார். அங்கே 19ஆம் நூற்றாண்டு இருக்காது. 1909 வரை கெடா சயாமின் மேலாண்மையில் இருந்தது. அங்கே ரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். அந்தப் பிள்ளைகளின் முன்னோரைத் தேடினால் சென்னை மாகாண ரெவின்யூ கோப்புகளுக்கும், மூடா ஆற்றுக்குத் தெற்கே செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களின் தொழிலாளர் கோப்புகளுக்கும் போக வேண்டியிருக்கிறது.

முதலாவது நன்கு உழப்பட்ட நிலம். 1822 ஜூனில் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். அனுப்பிய படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என்று பத்திகள். ஒவ்வொன்றிலும் ஆண், பெண் தனித்தனி. 1826 மார்ச்சில் அவர் தொகுத்தபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் தேறினர். வீட்டிலேயே படித்தவர்களையும் சேர்த்தால் பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு கல்வி பெற்றார்கள் என்பது அவர் மதிப்பு. பெண் குழந்தைகளின் பத்தியோ பெரும்பாலும் காலி.

ஆய்வாளர் தரம்பால் 1983இல் இந்தக் கணக்குகளை நூலாக வெளியிட்டார். தமிழ் ஜில்லாக்களின் திண்ணைப் பள்ளிகளில் பிராமணப் பிள்ளைகள் சிறுபான்மையினரே என்று அவை காட்டியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பவானி ராமன் 2012இலும் செந்தில் பாபு 2022இலும் வெளியிட்ட ஆய்வுகள் அந்தத் திண்ணைக்கு உள்ளேயே போயின: எண்சுவடி, மனப்பாடம், கச்சேரி எழுத்து, நிலம் அளப்பவனும் அளக்கப்படுகிறவனும். எனக்கு இவை இரண்டுமே அதிகம் பயன்பட்டன. எத்தனை பேர் படித்தார்கள் என்பதோடு, திண்ணையில் ஏறவே விடப்படாதவர்கள் யார் என்ற கேள்வியும் இவற்றால் கூர்மையாகிறது. நாகப்பட்டினத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் அப்படி விடப்படாதவர்களின் சேரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களைத் தேட மன்றோ போதாது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி 1891இல் எழுதிய குறிப்பையும், பஞ்சமர் கல்விக்கான 1893 அரசாணையையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது வகைக் கோப்புகளுக்கு வருவோம். செபராங் பிறை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தன. 1872இல் ஸ்கின்னர் பள்ளி ஆய்வாளரானார். அவருடைய கவனம் மலாய்ப் பள்ளிகள் மீதே இருந்தது. தோட்டத் தமிழர்கள் அரசாங்கத்தின் கண்ணில் கூலியாகவே பட்டார்கள். 1890 தொழிலாளர் விசாரணை ஆணையம் ஆராய்ந்தது சம்பளத்தையும் முன்பணக் கடனையும் உடல்நலத்தையும்தான். பள்ளிக்கூடமும் பிறகு தொழிலாளர் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1912 விதி, கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கு உரியது. கெடா அந்தக் கூட்டரசுக்கு வெளியே நின்றது. ஆனால் மலாயாத் தமிழ்க் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த ஆண்டை நாடு முழுமைக்கும் பொருத்திவிடுகிறார்கள். இது கெடா வாசகனுக்கு இழைக்கப்படும் அநியாயம்.

கெடாவுக்கென்று ஒரு புதையல் இருக்கிறது. சுல்தான் அப்துல் ஹமீதின் 1882 முதல் 1943 வரையிலான கடிதத் தொகுப்பு, 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியது. ஜாவி எழுத்தில் இருப்பதால் தமிழ் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. இன்னொன்று தோட்ட அலுவலகத்துச் செக்ரோல், அதாவது யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்று குறிக்கும் பேரேடு. பல தோட்டங்களில் எழுத்தரான கிராணியோ கங்காணியோதான் அன்று வாத்தியார். பத்து வயதுப் பிள்ளை புல் வெட்டப் போன நாளும் பள்ளிக்கு வராத நாளும் ஒன்றா என்று, செக்ரோலையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது இத்தகைய பேரேடுகளைக் கேட்பாரில்லை. மிஞ்சியவை பழைய கிராணிமார் வீடுகளிலும், பட்டணத்துக்கு இடம் பெயர்ந்த பள்ளிகளின் அலமாரிகளிலும் இருக்கக்கூடும். அடுத்த ஆய்வேடு அங்கிருந்து தொடங்கட்டும்.