இஞ்சின் நின்றது, ரீல் கத்தியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். சினூக் சால்மன் என்று யாராவது வாய் திறந்தால் போதும், கையில் இருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தொடங்கிவிடுவேன். கலியாண வீட்டுப் பந்தியில் தொடங்கியிருக்கிறேன், பல் வைத்தியரின் கதிரையில் பாதி வாய் விறைத்துக் கிடக்கும்போதும் தொடங்கியிருக்கிறேன். மனைவி மேசைக்குக் கீழே காலை மிதிப்பாள். நிறுத்துவேனா? எப்படி நிறுத்துவது? நாங்கள் மரக்கறி வாங்கும் கடையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ரொறன்ரோவின் விளிம்பில், ஒரு மீற்றர் நீளத்து மீன்கள் ஓடித் திரிகின்றன ஐயா! சனம் அதைத் தெரியாமல் வீட்டில் படுத்து நித்திரை கொள்கிறது!

அதுவும் இந்த மீன் இந்த ஏரிக்குச் சொந்தமானதே இல்லை. பசிபிக் கடல் மீன். ஒன்ராறியோ ஏரிக்கு என்றிருந்த அத்லாந்திக் சால்மன், அணைகளாலும் காடழிப்பாலும் கண்மண் தெரியாமல் பிடித்ததாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனது. பிறகு அலைவைஃப் என்ற சின்ன வெள்ளி மீன் பேரேரிகளில் பெருகிப் பெருகி, 1967இல் மிச்சிகன் ஏரிக் கரைகளில் கும்பல் கும்பலாகச் செத்து ஒதுங்கியது. நாற்றத்தில் ஒருவரும் கரைப்பக்கம் போகவில்லை. அதற்கு முந்திய வருடமே மிச்சிகன் மீன்வள அதிகாரி ஹவார்ட் டானர், ஒரிகனிலிருந்து முட்டையாக வரவழைத்து வளர்த்த கோஹோ சால்மன் குஞ்சுகளை அங்குள்ள ஆறுகளில் விட்டிருந்தார். மறுவருடம் சினூக்கும் இறங்கியது. தின்னத் தின்னக் குறையாத அலைவைஃப், தின்னப் பிறந்த சால்மன். அந்த 1960களின் கடைசியிலேயே எங்கள் ஏரிக்கும் பசிபிக் சால்மன் வந்து சேர்ந்தது. அந்த மனுசனுக்கு ஸ்காபரோவில் யாராவது சிலை வைத்தால் முதல் மாலை என்னுடையது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் மாதம். ஆற்றுக்கு ஏறப்போகும் பெரிய மீன்கள் எல்லாம் கரையை நெருங்கி, தாங்கள் பிறந்த ஆற்றின் மணத்தைத் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கிற மாதம். இன்னும் விடியவில்லை. புளஃபர்ஸ் பார்க் இறங்குதுறையில் ட்ரெயிலர்கள் வரிசையாக நிற்கின்றன, ஆட்கள் கிசுகிசுக்கிறார்கள், யாரோ ஒருவரின் ஃபிளாஸ்க்கிலிருந்து கோப்பி மணம் வருகிறது. மேலே 90 மீற்றர் வரைக்கும் எழும்புகிற ஸ்காபரோ மண்மலைகள் இருட்டில் கறுப்பாக நிற்கின்றன. அண்ணையின் வள்ளம் தண்ணீரில் இறங்குகிறது. அண்ணை என்றால் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை, பருத்தித்துறைக்காரர், தகப்பன் கடல் தொழில் செய்தவர். வள்ளத்தில் ஏறினால் மட்டும் அவர் ஸ்காபரோவாசி இல்லாமல் போய்விடுவார். "வாடைக்காத்துத்தான் தம்பி, கரைப்பக்கம் தண்ணி பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும்" என்றார். கிடந்தது! மேற்கே சிஎன் கோபுரத்தின் வெளிச்சம், கிழக்கே பிக்கரிங் அணுமின் நிலையத்தின் விளக்குகள், நடுவில் நாங்கள் மூன்று பேர்: அண்ணை, மச்சான், வாய் ஓயாத நான்.

தூண்டிலைச் சுழற்றி எறிந்துவிட்டுக் காத்திருக்கிற வேலை இல்லை இது. டவுன்ரிகர் என்ற சாதனம் ஒன்று வள்ளத்தின் பின்பக்கம் பூட்டியிருக்கும். அதன் கம்பிக் கயிற்றில் 12 இறாத்தல் ஈய உருண்டை தொங்கும். தூண்டில் நரம்பை அதில் ஒரு கவ்வியால் கொளுவி, உருண்டையை வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கீழே கை விறைக்கும்; இரண்டுக்கும் நடுவே 12 பாகை செல்சியஸ் அளவில் ஒரு படை ஓடும், சினூக்குக்கு அதுதான் பிடித்தமான இடம். அன்றைக்கு அது 60 அடியில் இருந்தது. இருட்டில் ஒளிரும் பச்சைத் தகட்டு இரைக்கு டோர்ச் அடித்து வெளிச்சம் ஏற்றி இறக்கினேன். ஏற்றும்போதே கை நடுங்கியது. மீன் வரவே இல்லை, அதற்குள் நடுக்கம்! மச்சான் சிரித்தான். சிரிக்கட்டும்.

மண்மலைகளின் நெற்றியில் முதல் சிவப்பு விழுகிற நேரம். 100 அடிக்கு மேல் ஆழம், மணிக்கு இரண்டரை மைல் வேகம், மீன்காட்டித் திரையில் உருண்டைக்குப் பக்கத்திலேயே கொழுத்த கோடு ஒன்று வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது, ஆனால் கடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இஞ்சின் இருமியது. ஒரு தரம். பிறகு கொஞ்சம் ஓடியது. பிறகு வேகம் ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றே போனது.

115 குதிரைவலு இஞ்சின் நின்றால் காதுக்குள் என்ன நடக்கும் தெரியுமா? திடீரென்று எல்லாம் கேட்கிறது. வள்ளத்தின் வயிற்றில் தண்ணீர் தட்டுவது, தூரத்தில் கடற்காகம் கத்துவது, அண்ணை பல்லைக் கடிப்பது கூட. அவர் சாவியைத் திருப்பப் போன கை திரும்பவே இல்லை. ஏனென்றால் அதுவரை ஒரே சீராக இழுபட்டு ஓடிக்கொண்டிருந்த எங்கள் தகடு, இழுவை நின்றதும் பூவரசம் இலை உதிர்வதுபோலப் புரண்டு புரண்டு கீழே இறங்கியிருக்க வேண்டும், பின்னாலேயே வந்துகொண்டிருந்தவனுக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை, அடித்தான் பாருங்கள் ஒரு அடி! வளைந்து கிடந்த தூண்டில் தடி கவ்வியிலிருந்து விடுபட்டு நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்திலேயே மறுபடி குனிந்து நுனி தண்ணீரைத் தொட்டது, ரீல் கத்தியது, கத்தியது என்றால் சாதாரணக் கத்தல் இல்லை, இஞ்சின் சத்தம் இல்லாத அந்த விடியலில் அது மண்மலையில் மோதித் திரும்பி வந்ததாக இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன், நானும் சேர்ந்து கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, "முருகா முருகா" என்று கத்தினாய் என்று மச்சான் சொல்கிறான், தடியைத் தாங்கியிலிருந்து பிடுங்கி எடுத்த கணத்தில் என் தோள் இரண்டும் முன்னால் போயின, நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது, நூறு யார் போனது, இன்னும் போனது, ரீலின் அடி தெரிகிறதே என்று நான் அழாத குறையாகச் சொல்ல, அண்ணை மட்டும் அசையாமல் "பொறு தம்பி, இழுக்காதை, ஓடட்டும், அவன் ஓடட்டும்" என்றார்.

இஞ்சின் ஓடினால் வள்ளத்தை முன்னால் நகர்த்தி நரம்பைத் தளரவிடாமல் வைத்திருக்கலாம், மீனை மற்றத் தூண்டில்களிலிருந்து விலக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. இல்லாததுதான் சுகம் என்பேன்! மச்சான் பாய்ந்து மற்ற உருண்டைகளை மேலே ஏற்றினான். டவுன்ரிகருக்கு மின்கலம் போதும், இஞ்சின் தயவு வேண்டாம். மீன் சட்டென்று திரும்பி நேராக எங்களை நோக்கி வந்தது. நரம்பு தொய்ந்தது. போய்விட்டான் என்று நினைத்து நெஞ்சு வெறுமையாகி, கைவலிக்கச் சுற்றிக்கொண்டே போக, வள்ளத்துக்குக் கீழே மறுபடி கனத்தது. இப்போது நரம்பு விசிறியில் பட்டால் கதை முடிந்தது. தடியின் அரைவாசியைத் தண்ணீருக்குள் குத்திப் பிடித்தபடி நான் பின்பக்கத்திலிருந்து அணியம் வரைக்கும், மச்சானின் தோளில் ஏறாத குறையாக, சாப்பாட்டுப் பெட்டியை மிதித்துக்கொண்டு நடந்தேன். மூன்று இடியப்பப் பொதிகள் நாசம். வள்ளத்தின் மூக்கு மெல்ல மீன் போன பக்கம் திரும்பியது. மீன் வள்ளத்தை இழுக்கிறது, மீன் வள்ளத்தை இழுக்கிறது என்று துள்ளினேன். "காத்தடா அது" என்றார் அண்ணை. எனக்குத் தெரியும், மீன்தான்.

எவ்வளவு நேரம் போனது என்று கேட்காதீர்கள். கடைசியில் ஆழத்திலிருந்து ஒரு வெள்ளி வெளிச்சம் சுற்றிச் சுற்றி ஏறி வந்தது. முதுகில் பச்சையும் ஊதாவும் கலந்த மினுக்கம், வால் முழுக்க, மேல் இதழிலும் கீழ் இதழிலும், கறுப்புப் புள்ளி. எங்களைக் கண்டதும் இன்னொரு ஓட்டம், எனக்கு முழங்கால் தந்தியடித்தது, திரும்பக் கொண்டுவந்தேன், மச்சான் வலையை முன்னாலேயே தண்ணீருக்குள் வைத்திருக்க தலை முதலில் உள்ளே போனது, தூக்கினால் வலைக் கம்பு வளைகிறது, தொப்பென்று தளத்தில் விழுந்த சத்தம், ஐயோ அந்தச் சத்தம்! முரசு உட்பட வாய்க்குள் முழுக்கக் கறுப்பு, அசல் சினூக். தராசு 27 இறாத்தல் காட்டியது. நான் அதைக் கட்டிப்பிடித்தேன். முத்தமும் கொடுத்தேன். படம் இருக்கிறது, வேண்டியவர்களுக்குக் காட்டுவேன், வேண்டாதவர்களுக்கும் காட்டுவேன்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் மூவருக்கும் நினைவு வந்தது: இஞ்சின் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. வாடைக்காற்று எங்களை மெதுவாகத் தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது. தெற்கே போய்க் கொஞ்சம் கிழக்கே சரிந்தால் அக்கரை நியூயோர்க் மாநிலம், கடவுச்சீட்டு ஒருவரிடமும் இல்லை. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அண்ணை வேலை செய்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அது இன்னொரு கச்சேரி! பெற்றோல் குழாயின் நடுவில் ரப்பர் பந்து ஒன்று இருக்கும். அதை அமுக்கிப் பார்த்தார். நாடி பார்க்கிற பரியாரியார் தோற்றார் போங்கள். பந்து சப்பிப்போய்க் கிடந்தால் பெற்றோல் தாங்கிப் பக்கம் எங்கோ அடைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது பெற்றோல் இல்லை. இந்தப் பந்து கல்லுப்போல இறுகியது. "அப்ப எண்ணெய் வருது. வாறது எண்ணெய்தானோ எண்டதுதான் கேள்வி" என்றார். மச்சானின் சிகரெட் பெட்டியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, தண்ணீர் பிரிக்கிற வடியின் அடித் திருகைத் திறந்து வெறும் போத்தலுக்குள் வடியவிட்டார். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தோம். மேலே மஞ்சள் பெற்றோல், கீழே தனியாக ஒரு படை தண்ணீர்! ஒன்ராறியோ பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கும், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து தாங்கியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், இஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான். போதாக்குறைக்குத் தாங்கி மூடியின் ரப்பர் வளையம் வெடித்து மழைத்தண்ணீரும் இறங்கியிருக்கிறது, இது கரையில் பார்த்தபோது தெரிந்தது.

புது வடி ஒன்று பெட்டிக்குள் இருந்தது. மாற்றினார், பந்தை அமுக்கினார், சாவியைத் திருப்பினார், இஞ்சின் பிடித்தது, நாங்கள் கைதட்டினோம், பத்து நிமிடம் ஓடி மறுபடி நின்றது. தாங்கிக்குள் இன்னும் தண்ணீர். வானொலியில் 16ஆம் சனலைத் திறந்து கரையோரக் காவல் படையைக் கூப்பிடுவோமா என்று மச்சான் கேட்டான். அது நியாயமான கேள்வி. உயிர்ச்சட்டை போட்டிருந்தோம், வானொலி வேலை செய்தது, கூப்பிட்டால் பதில் வரும். அண்ணை பின்பக்கத்தைக் கையால் காட்டினார். பெரிய இஞ்சினுக்குப் பக்கத்தில் சின்னத் தம்பி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது 9.9 குதிரைவலுக் குட்டி இஞ்சின். அதற்குத் தனித் தாங்கி, தனிப் பெற்றோல். இதில்தான் முழு விசயமும் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு இஞ்சின் வைத்திருந்தும் ஒரே தாங்கியில் குடிக்கவிட்டால் இரண்டும் சேர்ந்துதான் சாகும். கயிற்றை ஓர் இழுவை, இரண்டு இழுவை. பிடித்தது!

கரைக்குப் போவோம் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். போனோம்தான். ஆனால் அந்தக் குட்டி இஞ்சின் எதிர்க்காற்றில் ஓடிய வேகம் என்ன? மணிக்கு இரண்டரை மைல்! சால்மனுக்கென்றே அளந்து வைத்த வேகம்! மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் உருண்டைகளை இறக்கிவிட்டான். கரை சேர்வதற்குள் அவனுக்கு ஒன்று, 19 இறாத்தல், இந்த முறை கத்தியது அவன், நான் வலை பிடித்தேன், அவனும் முருகனைத்தான் கூப்பிட்டான்.

குறை ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம். செலவு என்று பார்த்தால் அந்த மீனின் ஒவ்வொரு துண்டும் தங்கம். பெரிய மீனை அடிக்கடி சாப்பிட வேண்டாம், பெண்களும் பிள்ளைகளும் இன்னும் கவனம் என்று ஒன்ராறியோ அரசின் வழிகாட்டியே சொல்கிறது, அதைக் கேட்டு நடக்கத்தான் வேண்டும். நாங்களும் அளவோடுதான், தோலையும் கொழுப்பையும் சீவிவிட்டு, நிறையப் பழப்புளி விட்டு, வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து ஒரு குழம்பு. மனைவி சாப்பிட்டுவிட்டு "பரவாயில்லை" என்றாள். பரவாயில்லையாம்!

செப்டெம்பரில் ஹைலண்ட் கிரீக்கிலோ ரூஜ் ஆற்றிலோ போய் நின்று பாருங்கள், இதே மீன்கள் வெள்ளி எல்லாம் கழன்று பழுப்பாகி, முழங்கால் தண்ணீரில் முதுகு தெரிய ஏறிக்கொண்டிருக்கும், முட்டையிட்டதும் செத்துப்போகும். ஹம்பர் ஆற்றின் பழைய ஆலைப் பக்கம் தடுப்பணையைத் தாண்டக் குதிக்கும், கரையில் நிற்கிற குழந்தைகள் கைதட்டும், நானும் தட்டுவேன். ஆனால் அது பார்க்கிற சுகம். கையில் தடி இருக்க, அடியில் 100 அடித் தண்ணீர் இருக்க, ரீல் கத்துகிற சுகம் வேறு, அதற்கு ஓகஸ்ட்தான். அண்ணை தாங்கியைக் கழுவி மூடியும் மாற்றிவிட்டார், வள்ளத்தில் ஓர் இடம் இருக்கிறது. மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், தடித்த சட்டை கொண்டுவாருங்கள், வயிறு புரட்டுகிற ஆள் என்றால் குளிசையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். வாழைப்பழம் மட்டும் வேண்டாம். வள்ளத்தில் வாழைப்பழம் ஏறினால் மீன் கிட்ட வராது என்று இங்கத்தைய மீன்பிடிகாரர் நம்புகிறார்கள், அண்ணை அதை அவர்களைவிட அதிகமாக நம்புகிறார், பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்.