மாமியாரை வீழ்த்திய பறவை

மலாய் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பற்றி வழங்கும் கதைகளுள் சுவை மிக்கது, தலைக்கவச இருவாய்ச்சியின் கதை. அப்பறவையை மலாய் மக்கள் ‘தெபாங் மெந்துவா’ என்பர். மாமியாரை வெட்டி வீழ்த்தியது என்பது அப்பெயர் தரும் பொருள். 1900-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மலாய் மேஜிக்’ என்னும் நூலில் ஸ்கீட் என்பார் இக்கதையைத் தந்துள்ளார்.

மாமியார் மீது வன்மம் கொண்ட மருகன் ஒருவன் கோடரியுடன் சென்று, அவள் வீட்டைத் தாங்கிய கால்களை வெட்டினான். வீடு சரிந்தது, அவன் வாய்விட்டுச் சிரித்தான். அக்கொடுமைக்காகப் பறவையாக மாறினான். கதை இவ்வளவே.

மந்திரமும் சடங்கும் பேசும் நூலில் இருப்பதால், இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் உளர். அது பொருந்தாது. இக்கதை செவியிற் பிறந்தது. அப்பறவை முதலில் விட்டுவிட்டுக் குரல் கொடுக்கும். வரவர அக்குரல் விரையும். முடிவில் வெறிச் சிரிப்பாக வெடிக்கும். வெட்டு, சரிவு, சிரிப்பு என்னும் கதைப் போக்கு அவ்வொலியின் போக்கே அன்றோ? மேலும், மலாய் மரபு வீடு மரக்கால்களின் மேல் நிற்பது. மண்சுவர் வீடுகளில் வாழ்வோரிடையே இக்கதை இவ்வடிவில் தோன்றியிராது.

மருகனின் சினத்திற்குக் காரணம் கூறப்படாமை ஒரு குறை எனலாம். ஆயின், கேட்போர் அதனைத் தத்தம் இல்லத்திலிருந்தே நிரப்பிக்கொள்வர். மெய்யான குறை வேறு. கதை செவியை நம்பிற்று, கண்ணை நாடவில்லை. இருவாய்ச்சிப் பெடை மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சேவலோ சிறு துளை வழியே வாரக்கணக்கில் இரை ஊட்டும். குடும்பம் பேணும் பறவைக்குக் குடும்பம் கெடுத்தவன் என்னும் பழி வந்துற்றது! உயர்மர முடிகளில் வாழும் அதன் குரலைக் கேட்டோர் பலர். அதனைக் கண்டோர் சிலர். பழிக்கு இதுவே காரணமாகலாம்.

இன்று கோடரி மனிதன் கையிலேயே உள்ளது. தந்தம்போல் திண்ணிய அதன் தலைக்கவசத்திற்காக வேட்டை பெருகவே, 2015-இல் அப்பறவை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பறவை மறைந்தால் கதையின் பொருளும் மறையும். ஒலியைக் கேளாதவனுக்கு அச்சிரிப்பு விளங்காது.

தமிழ் இலக்கியம் பயில்வோர் அன்றிலையும் சகோரத்தையும் நன்கறிவர். அப்பாடங்களை நடத்துங்கால், இந்நாட்டுக் காட்டில் ஒலிக்கும் இப்பறவையின் கதையையும் ஆசிரியர்கள் ஒப்பிட்டுக் காட்டுதல் நலம். பறவையைப் பற்றிய பாட்டும் கதையும் கேட்கும் செவியிலிருந்தே தொடங்குகின்றன என்பதை மாணவர் அப்போது உணர்வர்.