பாக்கெட்டின் பின்னட்டை

கண்டரமாணிக்கத்தில் நண்பனின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். முகப்பில் வாழை மரம், வளவு பூரா சொந்தக்காரர்கள், பின்கட்டில் பணியாரம். எல்லாம் இருந்தது. கல்யாணப் பெண்ணை மட்டும் காணோம். உள்ளறையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஆத்தாவுக்கு என்னடா?”

“மருதாணி வச்சா.”

ஆச்சி கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். இமைகள் இரண்டும் பணியாரம் போல் உப்பி, நெற்றியோரம் சிவந்து கசிந்திருந்தது. “போட்டோவுல நரை தெரியக் கூடாதேன்னு வச்சேன் தம்பி. வெறும் மருதாணிதானே, அது என்ன பண்ணும்? இதுக்கு முந்தி நாலு தடவை வச்சிருக்கேன், ஒண்ணும் பண்ணலை.” வைத்த அன்றைக்கும் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலையில்தான் கண் திறக்க முடியவில்லை. காரைக்குடி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார்.

காலி பாக்கெட்டைக் கேட்டு வாங்கினேன். இந்தப் பகுதிக்குப் புத்தகங்கள்தான் விமர்சனத்துக்கு வரும். இந்த வாரம் இது.

முன்னட்டை பிரமாதம். பச்சை இலை, கல்வம், இடுப்பு வரை கூந்தலோடு ஒரு பெண். ‘இயற்கை மருதாணி’ என்று கொட்டை எழுத்து, கீழே ‘கறுப்பு’. நூலாசிரியர் அசல் திறமையைப் பின்னட்டைக்கு ஒதுக்கியிருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் சேர்மானப் பட்டியலில் மருதாணி இருக்கிறது, பொய் இல்லை. நாலாவது பெயர், பாரா ஃபினைலீன் டைஅமீன். சுருக்கமாக பி.பி.டி. கறுப்பைத் தருவது இந்த ஆசாமிதான். அமெரிக்கத் தொடு-ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ல் ‘அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று பட்டம் கொடுத்துக் கௌரவித்தது இவரைத்தான்.

எல்லாருக்கும் இது ஆகாது. ஆகிறவர்களுக்கு, முதல் சில தடவை உடம்பு சும்மா பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் சண்டைக்கு வரும், அதுவும் ஒன்றிரண்டு நாள் தாமதமாக. அந்த ஞாபகம் அநேகமாக ஆயுசுக்கும் போகாது. ஆச்சியின் ஐந்தாவது தடவை அப்படிப்பட்டது.

பி.பி.டி. கலந்த சாயத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும், ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதலில் கொஞ்சம் தடவிப் பரிசோதிக்க வேண்டும், புருவத்திலும் இமை முடியிலும் போட்டால் பார்வையே போகலாம் என்று அதில் சொல்ல வேண்டும். இந்தப் பாக்கெட்டிலும் தமிழில் இருக்கிறது, எறும்பு வாசிக்கும் சைஸில். நரை முடிக்குச் சாயம் போடுகிற வயசில் வெள்ளெழுத்தும் கூடவே வருமென்று அச்சடித்தவருக்குத் தெரியாதா?

மருதாணிக்குக் கறுப்பு தெரியாது. அதன் இலையில் இருப்பது லாசோன் என்கிற ஒரே சாயம். முடியின் கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நரையை ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கும். அதன் கைவரிசை அவ்வளவுதான். அரை மணியில் அட்டைக் கறுப்பு என்றால் உள்ளே வேறு யாரோ வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

வாரப் பத்திரிகை அழகுக் குறிப்புகளையும் (இந்தப் பத்திரிகை உட்பட) விடுவதற்கில்லை. இரும்புச் சட்டி, டீ டிகாஷன் யோசனையில் கொஞ்சம் ரசாயன நியாயம் இருக்கிறது. இரும்பும் டீயின் துவர்ப்பும் சேர்ந்தால் கறுக்கும். முட்டை எதற்கு? சாயம் புரதத்தைத் தேடிப் பிடிக்கிற ஜாதி. முட்டையும் புரதம். பாதிச் சாயம் அதோடேயே நின்றுவிடும், நாற்றம் மட்டும் தலைக்கு வந்து சேரும்.

கறுப்பேதான் வேண்டுமென்றால் அவுரி இருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே நீலம் கொடுத்த செடி, திண்டிவனம் பக்கம் இப்போதும் பயிராகிறது. ராஜஸ்தானின் சோஜத் பொடியோ, கொல்லையில் பறித்துக் காயவைத்துச் சலித்ததோ, மருதாணி மட்டும் உள்ள பொடியை வெந்நீரில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டு, தலையில் இரண்டு மூன்று மணி வைத்து அலச வேண்டும். சிவப்பு ஏறிய பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கால் மணியில் தடவிவிட வேண்டும். அவுரி காத்திருக்காது. ஒரு மணி கழித்து அலசினால் முதலில் பச்சையாகக்கூடத் தெரியும், பயப்பட வேண்டாம். காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். செடிச் சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்ப்பது இதற்கும் உண்டு. ஆக, ஒரு நாள் வேலை. அரை மணி பாக்கெட் விற்பதில் ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவுரி எங்க தம்பி கிடைக்கும்?”

“நாட்டு மருந்துக் கடையில கேளுங்க ஆச்சி. ஆனா பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பேரனை விட்டுப் படிக்கச் சொல்லுங்க.”

வெளியே நாயனம் ஆரம்பித்துவிட்டது. ஆச்சி கூலிங் கிளாஸை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் மாலையோடு நின்ற மாப்பிள்ளை தன் வழுக்கையைத் தடவிவிட்டுக்கொண்டார்.