சிரிக்குமாம் பாவை
(அசையும் படமும் வரலாறும் குறித்துச் சில குறிப்புகள்)

1

கொல்லிப்பாவையைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள் உண்டு. சங்கப் பாட்டில் வரும் பாவை மாறாதது. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் வடிவம் கெடாத ஒன்றாக நற்றிணையில் (201) பரணர் அதைச் சொல்கிறார். பிற்காலக் கதையில் வரும் பாவையோ பகைவரைக் கண்டால் சிரிக்கிறது. சிரித்தே மயக்கிக் கொல்கிறது. கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனையும் கொல்லிப்பாவை என்றே கும்பிடுகிறார்கள். அசையாத ஒரு பிம்பத்துக்கு அசைவையும் சிரிப்பையும் கைகளையும் பின்னால் வந்தவர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆக, அனிமேஷன் என்று இன்று நாம் சொல்வதை இந்த மலை முன்பே செய்து பார்த்துவிட்டது.

ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர் 'பாவை சிரிக்கும்' என்று சொல்வதில்லை. 'சிரிக்குமாம்' என்கிறார். அந்த 'ஆம்' சின்ன ஒட்டுதான். நான் பார்க்கலை, சொல்லிக் கேட்டேன், நம்புறதும் நம்பாததும் உன் பாடு என்கிற இவ்வளவையும் அது சுமக்கிறது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' என்று கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது புரியும். ஓவியத்தையும் கணினியையும் சேர்த்து வரலாற்றையும் அறிவியலையும் கண்ணுக்கு முன்னால் நிறுத்தும் படங்கள் பெருகிவரும் நேரத்தில் என் கேள்வி இதுதான்: படத்தில் இந்த 'ஆம்' எங்கே இருக்கிறது?

2

தஞ்சைப் பெரிய கோயிலை எப்படிக் கட்டினார்கள் என்று காட்டும் அனிமேஷன்களில் தவறாமல் ஒரு காட்சி வரும். சாரப்பள்ளத்திலிருந்து நீண்ட மண்சரிவு. அதன் மேல் யானைகள் 80 டன் எடையுள்ள ஒரே கல்லை இழுத்துச் செல்கின்றன. விமானத்தின் உச்சி ஒரே கல் அல்ல, பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சரிவு என்பது ஓர் ஊகம். எழுத்தில் 'இருக்கலாம்' என்று ஒரு சொல் போட்டால் தீர்ந்தது. படத்தில் யானை 'இழுத்திருக்கலாம்' என்று நடக்க முடியாது. நடந்தால் நடந்ததுதான். புழுதி பறக்கிறது, நிழல் விழுகிறது, பாகன் அதட்டுகிறான். ஊகம் நிகழ்ச்சியாகிவிடுகிறது.

இது தமிழ்நாட்டுச் சிக்கல் மட்டுமல்ல. 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' உலகம் முழுக்க ஒரு டைனோசரைப் பதித்துவிட்டது. 1996இலேயே இறகுத் தடங்களோடு டைனோசர் புதைபடிவம் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது, பிம்பம் திருந்தவில்லை. இன்றும் கண்ணை மூடினால் வருவது அந்த மொட்டைத் தோல் விலங்குதான்.

புகைப்படம் 'இது அங்கே இருந்தது' என்று சொல்கிறது என்பார் ரோலான் பார்த். கணினிப் பிம்பத்துக்கு முன்னால் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் தோலின் துளையையும் கண்ணின் ஈரத்தையும் காட்டிப் புகைப்படத்தின் சாட்சியத்தை அது இரவல் வாங்கிக்கொள்கிறது. அதன் அதிகாரம் இந்த இரவலில்தான் இருக்கிறது.

3

இப்போது முகத்துக்கு வருவோம். கீழடியை அடுத்த கொந்தகையில் தாழிகளோடு கிடைத்த மண்டை ஓடுகளில் இரண்டுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் சேர்ந்து கணினி வழியே முகம் கொடுத்து 2025இல் வெளியிட்டன. எலும்பின் அளவிலிருந்து தசை, தசையின் மேல் தோல் என்று போகிற முறை இது. உடற்கூற்றறிவும் சிற்பக்கலையும் இதில் கைகோர்க்கின்றன. இதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எலும்பு எவ்வளவு பேசும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நெற்றியின் அகலம், கண்குழியின் இடம் இவற்றை எலும்பு சொல்லும். தோலின் நிறத்தை, முடியை, பார்வையின் சாயலை எலும்பு சொல்லாது. அங்கே வேறு சான்றும் கலைஞரின் தேர்வும் வேலை செய்கின்றன.

படம் வெளியானதும் நம்மாட்கள் சண்டை போட்டது எதைப் பற்றி? நிறத்தைப் பற்றியும் 'இவர் யாரைப் போல் இருக்கிறார்' என்பதைப் பற்றியும்தான். எலும்பு எங்கே மௌனமாக இருக்கிறதோ அங்கேதான் அரசியல் பேசுகிறது. மௌனத்தின் எல்லை படத்தில் தெரியாததால், எல்லோரும் முழு முகத்தையும் சான்றாக வைத்துச் சண்டை போட்டார்கள்.

வள்ளுவர் கதையும் இதுதான். கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த படம் 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது. பிறகு அதுவே வள்ளுவர் என்றாகிவிட்டது. ஓர் ஓவியரின் கற்பனை என்பதை நாம் மறந்தோம். மறந்ததால்தான் 2019இல் அதே உருவத்துக்குக் காவி உடுத்தியபோது, 'அவர் உடுத்தியது வெள்ளை' என்று பார்த்தவர்போல வாதாட வேண்டி வந்தது.

4

70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அந்த முகத்தைத் தந்தவர் சிற்பி. பாட்டு தரவில்லை. புறநானூற்றில் (152) வன்பரணர் காட்டும் காட்சியைக் கவனியுங்கள். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்துப் போகிறது. எய்தவனை நேரில் பார்த்தும் பாணர்களுக்கு அவன் ஓரிதானா என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு வரும் இடைச்சொல் 'கொல்'. ஐயத்துக்கு உரியதென்று தொல்காப்பியம் வகுத்த சொல் அது. கொல்லிமலைத் தலைவனைப் பற்றிய பாட்டிலேயே 'கொல்' நிற்கிறது.

நாளை இந்தப் பாட்டை அனிமேஷன் ஆக்குகிறவர் என்ன செய்வார்? அம்பு மெதுவாகப் பறக்கும். ஐந்து விலங்கும் வரிசையாக விழும். எல்லாம் சரிதான். 'கொல்' மட்டும் விழுந்துபோகும். 2014இல் வந்த 'கோச்சடையான்' நடிப்புப்பதிவு முறையில் ஒரு நட்சத்திரத்தின் முகத்தையே வரலாற்றின் மீது ஒட்டியது. அதே வழியில் போனால் ஓரிக்குச் சினிமா முகம் கிடைக்கும். மலையில் இன்றும் வாழ்கிற மலையாளிப் பழங்குடிகள் பின்னணிக் கூட்டமாக நிற்பார்கள். அவர்களும் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த கதையை 'வந்தாங்களாம்' என்றுதான் சொல்கிறார்கள். பிழைபட்ட உடையையாவது திருத்தலாம். தன் மலையின் கதையில் தானே வேடிக்கை பார்ப்பவனாகிப்போன நிலையை எப்படித் திருத்துவது?

5

அப்படியானால் படமே வேண்டாமா? வேண்டும். ஓவியத்திடம் 'ஆம்' உண்டு என்பதுதான் என் வாதம். முடிக்காமல் விட்ட கோடு, அழித்தும் போகாத கரித்தடம், வெறுமையாக விட்ட தாள் இவையெல்லாம் ஓவியத்தின் ஐய இடைச்சொற்கள். தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் கரிக்கோட்டை அழித்து அழித்து வரைந்து படமாக்கும்போது, அழித்த தடம் திரையில் நிற்கிறது. ரோமில் செசரே பிராந்தி வழிவந்த ஓவிய மீட்பாளர்கள் சிதைந்த இடத்தை மெல்லிய கோடுகளால் நிரப்புகிறார்கள். தள்ளி நின்றால் படம் முழுமை. கிட்டே போனால் எது பழையது, எது நாம் சேர்த்தது என்று தெரியும். கணினிக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. தோண்டிக் கிடைத்தது அழுத்தமான கோடு, கணித்தது கரிக்கோடு, கதை தனி வண்ணம் என்று வைத்தால் போதும். ஓவியர் வெறும் வண்ணம் பூசுகிறவராக இல்லாமல், முதல் நாளிலிருந்தே ஆய்வாளரோடு உட்கார்ந்தால் இது நடக்கும்.

'ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கும்' என்பார்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்த ஜனங்கள் இவர்கள். ராஜா கொலுவீற்றிருக்கும்போதே கட்டியங்காரன் குறுக்கே வந்து கேலி பேசுவான். ராஜா, வேஷம் கட்டின ராஜா என்ற இரண்டும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் தெரியும். கதையும் கெட்டதில்லை, அழுகையும் நின்றதில்லை. கட்டியங்காரனைத் துரத்திவிட்டு ராஜாவை மட்டும் திரையில் ஏற்றியது நாம்தான்.

பாவை சிரிக்கட்டும். 'சிரிக்குமாம்' என்று சொல்ல ஒரு கோடு மட்டும் திரையில் மிச்சம் இருக்கட்டும்.