வாயில் திறந்த பாண்டியன்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் பலரும் பாண்டியன் உயிர் நீத்த இடத்திலேயே நெடிது நின்றுவிடுவர். வளைந்த கோலை உயிர் கொடுத்து நிமிர்த்தினான் என்னும் பாராட்டு மாணவர் ஏடுகளில் ஆண்டுதோறும் எழுதப்பட்டு வருகிறது. பாராட்டு தவறன்று. ஆயின் அவன் செய்த பிழை யாது, அது எவ்வாறு வெளிப்பட்டது என்னும் இரண்டும் அப்பாராட்டில் மறைந்து போகின்றன.

கோவலனைக் கொன்றது மட்டும் பிழையன்று. கேளாமற் கொன்றதே பிழை. தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்த அரசன் பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டான். குற்றஞ் சாட்டப்பட்டவனைக் கேட்டானில்லை. அவ்வாணை பிறந்ததை இளங்கோவடிகள் வினையின்மேல் ஏற்றுகிறார். (ஏற்றாது விட்டிருந்தால் பாண்டியனை மன்னிப்பது அரிதாகியிருக்கும்.) இனி, பிழை வெளிப்பட்ட வழியை நோக்குவோம். வாயிலோன் அஞ்சி வந்து கண்ணகியின் கோலத்தை அறிவித்தபோது, அவளை உள்ளே விடச் சொன்னவன் அரசனே. கள்வனைக் கொல்வது நீதியே என்று அவளோடு வாதாடினான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள்; தன்னது முத்து என்றான் அவன். பின் சிலம்பைக் கொணர்வித்து அவள் முன்னர் வைத்தான். அவை நடுவே அது உடைந்தது. வாயிலை அடைத்து வைத்திருந்தாலும், சிலம்பைக் காட்ட மறுத்திருந்தாலும், செங்கோலன் என்ற பெயருடனேயே அவன் வாழ்ந்திருப்பான்.

பேராக் மாநிலத்தில் இக்காதையைக் கற்பிப்போர்க்குத் துணைப்பாடம் தொலைவில் இல்லை. தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் இருந்தது, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டோரை வைத்த தடுப்பு முகாம். அவசர காலம் முடிவுற்ற 1960இல் இயற்றப்பட்டது அச்சட்டம். அமைச்சர் மனநிறைவு கொண்டால் ஒருவரை விசாரணையின்றி இரண்டு ஆண்டுகள் அடைத்து வைக்கலாம். அக்காலம் முடிந்ததும் மீண்டும் நீட்டலாம். கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசமைப்பின் 5ஆம் விதி. ஆனால் அதே அரசமைப்பின் 149ஆம் விதி இத்தகைய சட்டத்திற்கு வழி விட்டது. ஆலோசனைக் குழு ஒன்றிடம் முறையிடலாம் என்பது உண்மை. எனினும் நாட்டு நலனுக்கு மாறானது என அமைச்சர் கருதும் செய்தியை அவர் வெளியிட வேண்டுவதில்லை என்றது 16ஆம் பிரிவு. சிலம்பைக் காட்டவேண்டுவதில்லை என்பதே இதன் பொருள்.

ஒருமுறை சிலம்பு உடைந்தது, அதுவும் ஈப்போவில். 1987 அக்டோபரில் நடந்த ‘ஓப்பராசி லாலாங்’ கைதுகளில் பிடிபட்டுக் கமுந்திங்கில் வைக்கப்பட்ட வழக்கறிஞர் கர்ப்பால் சிங் ஆட்கொணர்வு மனுச் செய்தார். அவர்மீது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று உண்மைக்கு மாறானது என்பது புலப்படவே, 1988 மார்ச் 9ஆம் நாள் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றே அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஈப்போத் தீர்ப்பை மாற்றியது. 1989இல் சட்டம் திருத்தப்பட்டு, நடைமுறை விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதன்றி வேறெதையும் நீதிமன்றம் ஆராயலாகாது என்றாயிற்று. வாயிலோனுக்கே வேலை இல்லாது போயிற்று.

2007 டிசம்பர் 13ஆம் நாள் இண்ட்ராஃப் இயக்கத்தின் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஐவரும் அம்முகாமுக்கே அனுப்பப்பட்டனர். இரண்டாண்டுக் காவல் என்ற ஆணைக்கு முன்னே நீதிமன்ற விசாரணை இல்லை. மனோகரன் முகாமில் இருந்தபடியே 2008 மார்ச்சுத் தேர்தலில் கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். வாக்காளர் அவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் மீதான குற்றத்தை நீதிபதி ஆராயலாகாது! 2009 ஏப்ரலில் இருவரும் மே மாதத்தில் மூவரும் விடுவிக்கப்பட்டனர்.

முள்வேலிக்கு மாறாக வீட்டுக்காவல் போதாதா என்பார் உளர். 2024 அக்டோபரில் வரவு செலவுத் திட்ட உரையில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் வீட்டுக்காவலுக்கெனப் புதுச்சட்டம் வரும் என அறிவித்தபின் இப்பேச்சு மிகுந்தது. மனைவி மக்களோடு இருத்தல் முகாமினும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீட்டுக்காவலை ஒத்ததொன்று பழைய சட்டத்திலேயே இருந்தமை நோக்கத்தக்கது. 8ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவுப்படி, ஒருவர் இன்ன ஊரிலேயே வாழவேண்டும், குறித்த நேரங்களில் வீட்டைவிட்டு வெளிவரலாகாது, கூட்டத்தில் பேசலாகாது என அமைச்சர் கட்டுப்படுத்தலாம். அதற்கும் விசாரணை தேவையில்லை. நீதிபதி இரு தரப்பையும் கேட்டு, பிணைக்கு ஈடாக ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்வது வேறு. அமைச்சரின் ஓலை ஒன்றே வீட்டைச் சிறையாக்குவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவது தமிழுக்கும் நன்றன்று.

பழைய சட்டம் 2012இல் நீக்கப்பட்டு ‘சொஸ்மா’ வந்தது. இதில் வழக்கு உண்டு. பிணைதான் பெரும்பாலோர்க்கு இல்லை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்னும் பெயரில் சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்படப் பன்னிருவர் கைதாயினர். பிணையை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் நவம்பர் 29இல் தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரி 21இல் சட்டத்துறைத் தலைவர் தோமி தோமஸ் பன்னிருவர் மீதான வழக்கையும் கைவிட்டார். அதற்குள் நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. சிலம்பு அவைக்கு வரவேயில்லை.