மறுபடியும் அதே ஊருக்கு

தொழில், மதம், கல்வி, நோய், நகரம் என்று சமூகவியலில் கிளைகள் பல. அவற்றில் தமிழ்நாட்டு மண்ணில் நூறாண்டைத் தாண்டியது கிராம ஆய்வு. அதற்கு இங்கே வித்திட்டவர் சமூகவியலாளர் அல்லர், பொருளாதாரப் பேராசிரியர் என்பதுதான் வேடிக்கை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து வந்தார்கள். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய தமிழ்க் கிராமங்களின் கணக்கு 1918இல் நூலில் ஏறியது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பினார்கள். இருவேல்பட்டுக்கு அதன் பிறகும் 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல், 1980களில் எஸ். குகன், 2008இல் ஜான் ஹாரிஸ் குழுவினர் என்று வரிசையாகப் போனார்கள். பெரும் நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் பிடியில் இருந்த ஊர் அந்தப் பிடியிலிருந்து விடுபட்ட கதை, இந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் தெரியும். மறு ஆய்வு என்பது இத்துறையின் முதல் உரைகல்.

இரண்டாவது மரபு வேறு வழியில் வந்தது. பம்பாயில் குர்யேயிடமும் ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப்-பிரௌனிடமும் பயின்ற எம்.என். சீனிவாஸ், 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போய்த் தங்கினார். அதற்கு ராம்புரா என்று மாற்றுப்பெயர் வைத்தார். வினாப்பட்டியலோடு போய் வருவது போதாது, ஊரோடு ஊராக இருந்து பார்க்கவேண்டும் என்பது இந்த மரபின் விதி. 1970இல் ஸ்டான்ஃபோர்டில் கலவரக்காரர்கள் வைத்த தீயில் அவர் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதி 1976இல் அந்த ஊரைப் பற்றிய நூலை வெளியிட்டார். வேறு எந்த அறிவியலில் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்கலாம். ஆனால் இன்றும் விரும்பிப் படிக்கப்படும் கிராம நூல்களில் அது ஒன்று.

தஞ்சை டெல்டாவுக்கு வந்தால்தான் பார்வைகளின் மோதல் கண்ணுக்குத் தெரிகிறது. 1950களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப் இங்கே வேலை செய்தார். 1976இல் திரும்பியும் வந்தார். மார்க்சியப் பார்வை கொண்ட அவருக்கு மிராசுதாரும் பண்ணையாளும்தான் ஊரின் அச்சு. இடையே 1961-62இல் ஆந்த்ரே பெத்தேய் வந்தார். வெபரின் வழியில், சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் தனித்தனி இழைகளாகப் பிரித்துப் பார்த்தார். அவர் ஸ்ரீபுரம் என்று பெயரிட்ட ஊரில், முன்பு மூன்றும் அக்கிரகாரத்திலேயே குவிந்திருந்தன. அவர் வந்தபோது நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்து அதிகாரம் பிராமணரல்லாதாரிடம் போயிருந்தது. 1965இல் வந்த அந்த நூல் இன்னமும் பாடமாக இருக்கிறது.

பெத்தேய் தங்கியது அக்கிரகாரத்து வீடு ஒன்றில். அதனால் ஊரார் அவரையும் அக்கிரகாரத்து ஆளாகவே பார்த்தார்கள். அங்கிருந்து ஒருவர் சேரிக்குப் போவது வழக்கத்துக்கு மாறான செயல். அவர் போனது வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஆதிதிராவிடரைப் பற்றிய தம் தகவல்கள் அதனால் மெலிந்திருப்பதை அவர் நூலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். 1970களில் ஜோன் மென்ச்சர் செங்கற்பட்டுப் பகுதியில் சாதியைக் கீழிருந்து பார்த்தபோது படமே மாறியது. அதிகாரத்தில் இருப்பவர்கள் சொல்லும் ஒழுங்கும் இசைவும் அங்கே காணோம். சுரண்டல்தான் முன்னே வந்தது.

பெத்தேயின் பகுப்பு கூர்மையானது. ஆனால் கூலிக்காரரின் பசியை அறிய கஃபும் மென்ச்சரும்தான் கைகொடுப்பார்கள். எந்தக் கிராம ஆய்வை எடுத்தாலும் முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆய்வாளர் எந்தத் தெருவில் குடியிருந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.